ஸ்ட்ரோக் அடிக்காத கேப்டன்

ஜெபமணி. எழுதிக்கிடுங்க சார். ஜூபிடர் ஹாக்கி கிளப்போட அம்பது வருசத்துல பெரிய கேப்டன் யாருன்னு கேட்டா ஜெபமணிதான். இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க, மோர் குடிக்கீங்களா?

எல்லாரையும் பார்த்துட்டுத்தான வாறீங்க? கருத்தப்பாண்டி டீக்கடைக்குப் போனீங்களா? செக்ரட்டரி அண்ணாச்சி என்ன சொன்னாரு?

"நாயகம் என்ன சொல்லுதாரோ அதையே எழுதிக்கோங்க"ன்னா சொன்னாரு? கருத்தப்பாண்டியும் அதேதானா? எல்லாருமே அதைத்தான் சொன்னாங்களா?

பாத்தீங்களா சார், எப்படிப் பழி வாங்குதாங்கன்னு. நீங்க சென்னையில இருந்து பொன்விழா மலர் போட வந்திருக்கீங்க. புதுசாக் கட்டுற கேலரிக்கு எந்த கேப்டன் பேரை வைக்கலாம்னு பழைய ரசிகர்களைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்காக. நாலு பேர் நாலு பேரைச் சொல்லணும், சண்டை போடணும், அதான முறை? கோவில்பட்டியில பொண்ணு பாக்கப் போன இடத்துலகூட ஹாக்கிச் சண்டை நடக்கும் சார். அப்பேர்ப்பட்ட ஊர்ல இன்னைக்கு ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டேங்குதான். எல்லாத்தையும் தூக்கி என் தலையில வச்சுட்டு வேடிக்கை பாக்காங்க.

நாப்பது வருசம் நானும் கருத்தப்பாண்டியும் வாதாடியிருக்கோம். காலையில ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ. நான் ஜெபமணிம்பேன், அவன் சுப்பாராஜும்பான். "ஏ நாயகம், உனக்குக் கண்ணு இருக்கா வே, ஆட்டம்தான் பாத்தியா?"ம்பான். "ஆட்டம் பாத்ததுனாலதாம்வே சொல்லுதேன், நீ டீ ஆத்து"ம்பேன். கிளாஸைத் தூக்கிப் போட்டு உடைச்சிருக்கோம். என் மக கல்யாணப் பந்தல்லகூட இதே சண்டைதான். சம்பந்தி வீட்டுக்காரங்க பயந்துட்டாங்க, சொத்துத் தகராறுன்னு நினைச்சு.

இப்ப நான் போயி "ஜெபமணி மாதிரி உண்டா"ன்னா, "ஆமா நாயகம், நீ சொன்னாச் சரிதான்"ங்கான். அவ்வளவுதான். டீயை வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதான். அடிச்சாக்கூடத் தாங்கிருவேன் சார். இதைத் தாங்க முடியல.

சரி, ஜெபமணியைப் பத்திச் சொல்லுதேன், எழுதுங்க. மூணு கோப்பை. எழுபத்தொம்பது, எம்பது, எம்பத்திரெண்டு. சென்டர் ஃபார்வர்டு. கழுத்துல ஒரு சிவப்புக் கைக்குட்டை கட்டியிருப்பான். பந்து வந்தா யாருக்கும் கொடுக்க மாட்டான், தானே கொண்டு போவான், தானே அடிப்பான். பெறகு அவனுக்கு வடக்க பெரிய வேலை கிடைச்சது. போனவன் போனவன்தான். எம்பத்து மூணுல செமி ஃபைனலுக்கு வாறேன்னு தந்தி கொடுத்துட்டு வரல. தோத்துட்டோம். அதனால என்ன? பெரிய ஆளுக்கு ஆயிரம் சோலி இருக்கும். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டுல பாத்து, "ஜெபமணி, நான் நாயகம், கேலரியில மொத வரிசையில இருந்து கத்துவேனே"ன்னேன். "யாரு?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். பெரிய ஆளுன்னா அப்படித்தான் இருப்பாங்க.

அவன் செத்தப்ப இங்கன கொண்டு வந்துதான் எடுத்தாக. எங்க கிளப்புல ஒரு வழக்கம் உண்டு. கோப்பை ஜெயிச்ச கேப்டன் செத்தா, பாடையைக் கிரவுண்டுக்குள்ள கொண்டு வந்து ஒரு சுத்து சுத்திட்டுத்தான் சுடுகாட்டுக்குக் கொண்டு போவோம். பழைய ஆட்டக்காரங்க ரெண்டு பக்கமும் நின்னு ஸ்டிக்கைத் தூக்கி ஒண்ணுக்கொண்ணு முட்டுக் கொடுத்துப் பிடிப்பாங்க, அதுக்குக் கீழ பாடை போகும். ஜெபமணிக்கு மட்டும்தான் இதுவரைக்கும் செஞ்சிருக்கு. கோப்பை ஜெயிச்ச கேப்டனுக்கு மட்டும்தான்னு விதி. அந்த விதியை எழுத வச்சதே நான்தான். இல்லேன்னா ஆளாளுக்குக் கொண்டு வந்துருவாங்க சார்.

ஜன்னல் வழியா என்ன பாக்கீங்க? அந்தச் சுவரா? அது கிரவுண்டோட பழைய சுவர். அதைப் பாக்காதீங்க. இங்கன பாருங்க.

சரி, சுப்பாராஜைப் பத்தியும் சொல்லுதேன். ரெண்டு பக்கமும் கேட்டாத்தான உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒண்ணும் ஒளிவு மறைவு கிடையாது.

சுப்பாராஜ் ஃபுல் பேக். ஜெபமணிக்குப் பெறகு அவன்தான் கேப்டன். சத்தமே போட மாட்டான். நல்லாத்தான் ஆடுவான், இல்லேன்னு சொல்லல. ஆனா எம்பத்தாறு மே மாசம் ஃபைனல்ல என்ன செஞ்சான் தெரியுமா? ஒண்ணுக்கு ஒண்ணு. ஆட்டம் முடிய மூணு நிமிசம். நமக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைச்சுட்டு. கோல்கீப்பர் ஒருத்தன், பந்து ஒண்ணு, அடிக்கறவன் ஒருத்தன். எங்க ஊர்ல ஸ்ட்ரோக்குன்னா கேப்டன்தான் அடிக்கணும். எழுதாத சட்டம் அது. ஊரே எந்திரிச்சு நிக்கி. இவன் என்ன செஞ்சான்? பந்துகிட்ட போனான், ஸ்டிக்கை ஒரு தடவை பிடிச்சுப் பாத்தான், திரும்பிப் போயி கூட ஆடுன பிச்சையாகிட்ட "நீ அடி"ன்னுட்டான். பிச்சையா பாவம், நேரா கீப்பர் கால்லயே அடிச்சான். அடுத்த நிமிசம் அவங்க ஒரு கோல். போச்சு கோப்பை.

நான் அழுதேன் சார். இருபத்தாறு வயசு, தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து முக்குற வேலை. பகல் பூரா குச்சிக்கு மருந்து முக்கிட்டுச் சாயங்காலம் இந்தக் கிரவுண்டுக்கு வந்தாத்தான் எனக்கு உசுரே வரும். கேலரியை விட்டு இறங்கி ஓடிப்போயி அவன் மூஞ்சிலயே துப்பினேன். எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. அவன் இடது கையால துடைச்சுக்கிட்டுப் போனான்.

மறுநாள் மத்தியானம் ரோட்டு வேலைக்கு உருக்கி வச்சிருந்த தாரை ஒரு டின்னுல எடுத்தேன். அந்தா அந்தச் சுவத்துல, அவன் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, ஆள் உயர எழுத்துல எழுதினேன். 'பயந்தாங்கொள்ளி சுப்பாராஜ்'. அவன் பொண்டாட்டி ரெங்கம்மா அப்ப மாசமா இருந்தா. வாசப்படியில உக்காந்து அரிசி பொடைச்சுக்கிட்டு நான் எழுதி முடிக்குற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா. வருசா வருசம் மே மாசப் போட்டிக்குச் சுவத்துக்கு வெள்ளையடிப்பாங்க. அடிச்ச மறுவாரம் நான் தார் டின்னோட வந்துருவேன். முப்பது வருசம் விடாம எழுதினேன். பெறகு தோள்பட்டை வலிக்க ஆரம்பிச்சுட்டு, விட்டுட்டேன். அவன் நித்தமும் அதைப் பாத்துக்கிட்டுத்தான் வேலைக்குப் போவான்.

ரெயில்வேயில விளையாட்டுக்காரங்களுக்கு ஒரு வேலை இருந்துச்சு. அவனுக்குத்தான்னு எல்லாரும் சொன்னாங்க. ஃபைனல் முடிஞ்ச அடுத்த வாரம் செலக்சன். போனவன் ஸ்டிக்கையே தொடாம திரும்பி வந்துட்டான். கடைசியில எங்க தீப்பெட்டி ஆபீஸுக்கே வாட்ச்மேனா வந்து சேந்தான். திமிர் மட்டும் அடங்கல சார். வலது கையை எப்பப் பாத்தாலும் கால்சட்டைப் பைக்குள்ளயே வச்சிருப்பான். கேட்டை இடது கையாலதான் திறப்பான். முதலாளி வந்தாலும் இடது கைதான், நான் போனாலும் இடது கைதான். என் மக கல்யாணத்துக்கு வந்தான். நான் கூப்பிடல, ஆபீஸ்ல மொத்தமாப் பத்திரிகை வச்சதால வந்தான். தாம்பூலப் பையை நீட்டினா இடது கையை நீட்டி வாங்குதான்! நல்ல காரியம் நடக்குற வீட்டுல! பையைத் திரும்பப் பிடுங்கிக்கிட்டேன். "கை மாத்தி வாங்கத் தெரியாதவனுக்கு எதுக்குவே தாம்பூலம்?"னேன். நூறு பேருக்கு மத்தியில. சிரிச்சான். "வாறேன் நாயகம், பிள்ளைக நல்லா இருக்கட்டும்"னுட்டுப் போயிட்டான்.

இதெல்லாம் எதுக்குச் சொல்லுதேன்னா, ஒரு கேப்டன்னா எப்படி நடந்துக்கணும்னு தெரியணும்ல.

இன்னொண்ணு சொல்லணும். ஃபைனலுக்கு ரெண்டு நாள் முந்தி செமி ஃபைனல். நம்ம பையன் அடிச்ச கோலை அம்பயர் இல்லேன்னுட்டான். அநியாயம் சார்! கேலரி பூரா கத்துது. கத்தி என்ன பிரயோசனம்? எறிஞ்சது நான் ஒருத்தன்தான். மத்தவனுக்கெல்லாம் ஏது அந்தத் தைரியம்? உள்ளங்கை நிறையக் கல்லு. அம்பயர் மண்டையைப் பாத்துத்தான் விட்டேன். குறி தப்பல, ஆனா கடைசி நேரத்துல சுப்பாராஜ் குறுக்க வந்து கையைத் தூக்கிட்டான். கல்லு எங்கயோ பட்டுக் கீழ விழுந்துச்சு. அவன் அதைக் குனிஞ்சு எடுத்தான், கோட்டுக்கு வெளிய போட்டான். கையை ரெண்டு உதறு உதறினான். பெறகு கேலரியை நிமிந்து பாத்தான். நேரா என்னைத்தான். ரொம்ப நேரம் பாத்தான். என்னடா முறைப்புன்னு நானும் முறைச்சேன். அம்பயர் "என்ன, அடி பட்டுச்சா?"ன்னு கேக்க, "ஒண்ணும் இல்ல சார், ஆட்டத்தை நடத்துங்க"ன்னான். ஆடினோம், ஜெயிச்சோம். என் கல்லுக்குப் பெறகு அம்பயர் ஒழுங்கா விசிலடிச்சான் தெரியுமா?

மோர் குடிங்க சார். ஏன் வச்சுட்டீங்க?

போன ஐப்பசியில சுப்பாராஜ் செத்துட்டான். நெஞ்சுவலி. சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தாக. அவன் வீடு இந்தத் தெருதான, கிரவுண்டு கேட்டுதான் தெருமுனை. பொம்பளைக அங்கன வரைக்கும்தான் வருவாங்க, பெறகு திரும்பிருவாங்க. பாடை கேட்டுகிட்ட வரவும் கருத்தப்பாண்டி வழியை மறிச்சு நிறுத்திட்டான். "உள்ள கொண்டு போகணும், ஒரு சுத்து சுத்தணும்"ங்கான். பாத்தா பழைய ஆட்டக்காரங்க பதினெட்டுப் பேர் ஸ்டிக்கோட நிக்காங்க. பிச்சையாகூட நிக்கான், ஒரு கால் வராது, இழுத்துக்கிட்டு வந்து நிக்கான். செக்ரட்டரி அண்ணாச்சி என்னைப் பாக்காரு. ஏன்னா வேலையை விட்டு நின்ன பெறகு கிரவுண்டு சாவி எங்கிட்டதான்.

நான் விடல சார். சாவியை இடுப்புல செருகிக்கிட்டு கேட்டுக்கு முன்னால நின்னேன். "விதி என்ன? கோப்பை ஜெயிச்ச கேப்டனுக்குத்தான். இவன் எந்தக் கோப்பையை ஜெயிச்சான்?"னு கேட்டேன்.

"செத்தவன்கிட்டயா வே உன் விதி?"ன்னான் கருத்தப்பாண்டி.

"செத்துட்டா பெரிய கேப்டன் ஆயிருவானா? ஜெபமணிக்குச் செஞ்ச மரியாதையை இவனுக்கும் செஞ்சா அவனுக்கு என்ன மரியாதை?"

"ஜெபமணி உன்னை யாருன்னு கேட்டவம்லா!"

"ஸ்ட்ரோக் அடிக்கப் பயந்தவம்லா இவன்!"

அப்படியே பேச்சு வளந்துட்டு. யார் எத்தனை கோல் தடுத்தான், யார் எந்த வருசம் என்ன செஞ்சான்னு எல்லாரும் ஆளுக்கொண்ணு கத்துதாங்க. டீக்கடையில நடக்குற மாதிரியே நடந்துச்சு சார். பாடையைத் தோள்ல வச்சிருந்தவங்க நின்னு நின்னு முடியாம கீழ இறக்கிட்டாங்க. ரோட்டுல, அந்தச் சுவத்துக்குக் கீழ. முக்கா மணி நேரம். நானும் அதைக் கவனிக்கல, யாரும் கவனிக்கல.

அப்ப ரெங்கம்மா வந்தா. ஆம்பளைக கூட்டத்துக்குள்ள நேரா நடந்து வந்தா. சத்தம் நின்னுபோச்சு. அவ எங்கிட்ட வந்து, "அண்ணாச்சி, இங்கன வாங்க"ன்னா. கூடப் போனேன். பாடை பக்கத்துல உக்காந்து, நெஞ்சு மேல கிடந்த மாலையை ஒதுக்கினா.

ரெண்டு கட்டைவிரலையும் சேத்துக் கட்டி நெஞ்சு மேல வச்சிருந்தாங்க. நாப்பது வருசத்துல அன்னைக்குத்தான் சார் அவன் வலது கையை முழுசாப் பாத்தேன். நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கைக்குள்ள மடங்கியே கிடந்துச்சு. எலும்பு கோணலாச் சேந்து, தோல் கறுத்துப்போயி.

"இது ஃபைனலுக்கு ரெண்டு நாள் முந்தி உடைஞ்சது அண்ணாச்சி"ன்னா. "அம்பயர் மேல எறிஞ்ச கல்லைத் தடுத்த கை. வெளிய சொன்னா கமிட்டிக்காரங்க ஜூபிடரை மூணு வருசம் ஆட விடமாட்டாங்க, எறிஞ்சவனைப் போலீஸு பிடிச்சுட்டுப் போயிரும், அவனும் நம்ம ஆளுதான்னாக. ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகல. துணியைச் சுத்திக்கிட்டு, மேல கையுறையைப் போட்டுக்கிட்டு ஃபைனல் ஆடினாக. ஒருவழியா ஓடியாடித் தடுத்தவுகளுக்கு நின்ன இடத்துல ஸ்டிக்கை இறுக்கிப் பிடிச்சு ஸ்ட்ரோக் அடிக்க விரலு மடங்கல. அடிச்சுத் தவறினா ஊருக்குத் துரோகம்னுதான் பிச்சையாகிட்ட கொடுத்தாக."

பிச்சையா ரோட்டுலயே உக்காந்துட்டான்.

பெறகு அவ என்னை நிமிந்து பாத்தா. "யாரு எறிஞ்சான்னு கடைசி வரைக்கும் எங்கிட்டக்கூட சொல்லல அண்ணாச்சி. கேட்டா, 'ஆட்டத்து மேல உசுரா இருக்க ஒரு பய, விடு'ம்பாக. நீங்க அன்னைக்கு மொத வரிசையிலதான இருந்தீக? உங்களுக்குத் தெரியுமா யாருன்னு?"

தெரியாதும்மான்னேன்.

என்ன சார் பாக்கீங்க? அந்தக் கல்லுதான் அந்த விரலை உடைச்சுச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? அன்னைக்கு கேலரியில இருந்து பத்துப் பேர் எறிஞ்சாங்க. இருபது பேர்கூட இருக்கும். எவன் கல்லு எங்க பட்டுச்சுன்னு யாரு கண்டா?

நான் ஓடிப்போயி கேட்டைத் திறந்தேன். சாவி நுழைய மாட்டேங்குது. ரெண்டு கதவையும் அகலத் திறந்து வச்சு, "கொண்டு வாங்கப்பா, உள்ள கொண்டு வாங்க"ன்னு கத்தினேன். பதினெட்டுப் பேரும் ரெண்டு பக்கமும் நின்னு ஸ்டிக்கைத் தூக்கிட்டாங்க.

ரெங்கம்மா மாலையைச் சரி பண்ணிட்டு எந்திரிச்சா. "வேண்டாம் அண்ணாச்சி. அவுக நித்தமும் இந்தச் சுவத்தைப் பாத்தாக, இன்னைக்கோட அது முடிஞ்சுட்டு. உள்ள ஒண்ணும் பாக்க வேண்டாம்"னா. தூக்குறவங்களைப் பாத்து, "இருட்டுறதுக்குள்ள கொண்டு போங்கய்யா"ன்னா. தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஸ்டிக்கைத் தூக்குனவன் தூக்குனபடியே நிக்கான், நான் திறந்த கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்.

மறுநாளே சுவத்துக்கு நான் வெள்ளையடிச்சேன் சார், என் கையால. மூணு பூச்சு. தார் சார், கேக்க மாட்டேங்குது. காய்ஞ்ச மறுநாளே பழுப்பா மேல வந்துருது. இதோட ஏழு தடவை அடிச்சுட்டேன். நீங்க வந்ததும் அதைத்தான வாசிச்சீங்க?

அன்னையில இருந்துதான் கருத்தப்பாண்டி என்கூட வாதாடுறதில்ல. ஒருத்தனும் எங்கிட்ட வந்து நீதானான்னு கேக்கல. கேட்டாச் சண்டை போடலாம். கேக்க மாட்டேங்காங்க. ரெங்கம்மா சாத்தூர்ல மக வீட்டோட இருக்கா. ரெண்டு தடவை பஸ் ஏறிப் போனேன். தெருமுனை வரைக்கும் போயி வந்துட்டேன்.

உங்ககிட்ட ஏன் இதையெல்லாம் சொன்னேன்னு தெரியல. நீங்க வெளியூரு. சாயங்காலம் ரெயில் ஏறிருவீங்க.

இப்பச் சொல்லுங்க, நான் எப்படி சார் சுப்பாராஜுன்னு சொல்ல முடியும்? கேலரிக்கு அவன் பேரை வச்சா, வாறவன் போறவன் எல்லாம் கேப்பான், இவன் எந்தக் கோப்பையை ஜெயிச்சான்னு. ஜெயிக்கலேன்னா, ஏன் ஜெயிக்கலம்பான். ஸ்ட்ரோக் அடிக்கலேன்னா, ஏன் அடிக்கலம்பான். அங்க கல்லு வரும். கல்லு வந்தா நான் வருவேன். அவன் பெரிய கேப்டன்னா அப்ப நான் யாரு சார்? முப்பது வருசம் அந்தச் சுவத்துல எழுதினவன் யாரு?

அதனால எழுதுங்க. ஜெபமணி. மூணு கோப்பை. சிவப்புக் கைக்குட்டையை மறந்துராதீங்க, படிக்கறவங்களுக்குப் பிடிக்கும். மத்தது ஒண்ணும் வேண்டாம், நாம சும்மா பேசிக்கிட்டு இருந்தது. பேனாவை ஏன் மூடிட்டீங்க? எழுதுங்க சார். எல்லாரும் நான் சொல்றதைத்தான எழுதச் சொன்னாங்க?

எழுதிட்டீங்களா? சொன்னவரு பேரு போடணுமா? போடுங்க. கோமதிநாயகம்னு முழுசாப் போடுங்க. பக்கத்துல ரசிகர்னு போட்டுருங்க.